கோணிச் சாக்கும் ரயில் பெட்டியும்: இப்ராஹிம் மஹாமா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கானா நாட்டுக் கலைஞர் இப்ராஹிம் மஹாமாவின் படைப்புகளைத் திரையில் காட்டி, ஓவிய ஆசிரியர்களின் சிறு கூட்டங்களிலும் சில பள்ளிகளிலும் பேசி வருகிறேன். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. முதல் படம் திரையில் வந்ததுமே யாராவது ஒருவர் "இது வெறும் சாக்குதானே" என்பார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவான கொச்சி பியன்னாலேயில் அவர் படைப்பு இடம்பெற்ற பிறகு தொலைபேசியிலும் அதே சந்தேகங்கள் வரத் தொடங்கின. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை பின்னால் வரும். ஏற்கெனவே சொன்னதைத் திரும்ப எழுதாமல் முந்தைய பதிலைச் சுட்டியிருக்கிறேன்.

யாருங்க இந்த மஹாமா? ஒரு வரியில சொல்லுங்க.

கானாவின் வடபகுதியில் இருக்கும் தமாலே நகரில் 1987இல் பிறந்தவர். பழைய சணல் சாக்குகளைத் தைத்துச் சேர்த்துப் பெரிய கட்டடங்களைப் போர்த்தியதால் உலகம் அவரை அறிந்துகொண்டது. 2025 டிசம்பரில் 'ஆர்ட்ரிவ்யூ' இதழ் வெளியிட்ட, கலை உலகில் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் அவருக்கு முதலிடம் கிடைத்தது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை.

ஒரு வரியில் கேட்டதற்கு இது அதிகம்தான். ஆனால் பட்டியலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அவர் தன் சொந்த ஊரில் கட்டியவை எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஓவியர்னு அறிமுகப்படுத்துறீங்க. ஒரு ஓவியம்கூடக் காட்டலையே?

அவர் படித்தது ஓவியமும் சிற்பமும்தான். குமாசியில் உள்ள க்வாமே நிக்ரூமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2013இல் முதுகலை முடித்தார். அந்தக் கலைத்துறையைச் சுற்றி 'பிளாக்ஸ்டார்லைன்ஸ்' என்ற ஆசிரியர், மாணவர் கூட்டமைப்பு ஒன்று உருவானது. கலையைப் படச்சட்டத்துக்குள் அடைக்காமல் சந்தைக்கும் தெருவுக்கும் கொண்டுபோகலாம் என்று மாணவர்களைத் தூண்டிய இடம் அது.

ஓவியரின் கண்ணோடு அந்தச் சாக்குகளைப் பாருங்கள். எண்ணெய் வண்ணம் தீட்டும் கித்தானும் ஒரு முரட்டுத் துணிதான். மஹாமா எடுக்கும் துணியிலோ நிறம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. கரி படிந்த கறுப்பு, மழையில் ஊறிய பழுப்பு, வெயிலில் வெளுத்த மஞ்சள், நடுநடுவே ஒட்டுப்போட்ட பூப்போட்ட துணி என்று எத்தனையோ. எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எதைத் தைப்பது என்று முடிவு செய்வது ஓவியரின் வேலை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய அருவ ஓவியம், கிட்டே போனால் தையலும் ஊர்ப்பெயரும்.

கோடு போட்டு வரைவதையும் அவர் விடவில்லை. 2024இல் எடின்பரோவின் ஃப்ரூட்மார்க்கெட் கலைக்கூடத்தில் நடந்த காட்சியில், கானா ரயில்வேயின் பழைய ஆவணத் தாள்களை ஒட்டி அவற்றின் மேல் கரியால் ரயில் தொழிலாளர்களைப் பெரிய அளவில் வரைந்திருந்தார். அந்தக் கலைக்கூடம் எடின்பரோ ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது.

சாக்குல அப்படி என்ன இருக்கு? எங்க ஊர் ரேஷன் கடையிலகூடத்தான் கிடக்கு.

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். நமக்குப் பழகிய பொருள் என்பதால் தமிழ் வாசகர்கள் இந்தக் கலைக்குள் நேராக நுழைந்துவிடலாம். கோணி, சாக்கு, மூட்டை, கோணி ஊசி எல்லாமே நம் நாக்கில் இருக்கும் சொற்கள். என் தாத்தா வீட்டுத் தாழ்வாரத்தில் நெல் மூட்டை தீர்ந்ததும் அதே கோணி கால் துடைக்கும் மிதியாகும். மழைநாளில் மாட்டின் முதுகுக்குப் போர்வையாகும். ஒரு கோணிக்கு எத்தனை பிறவி என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை.

கானாவிலும் அப்படித்தான். உலகக் கோகோ உற்பத்தியில் ஐவரி கோஸ்டுக்கு அடுத்த இடம் கானாவுக்கு. கோகோ விதையைக் காற்றுப் புகாத பையில் கட்டினால் பூசணம் பிடித்துவிடும். ஆகவே சணல் சாக்கு வேண்டும். ஒரு சாக்கில் 62.5 கிலோ விதை, 16 சாக்கு சேர்ந்தால் ஒரு டன். 'கானாவின் விளைபொருள்' என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தி, துறைமுகத்துக்குப் போகும் சரக்கை இதில்தான் கட்டுகிறார்கள். ஏற்றுமதி வேலை முடிந்த சாக்குகள் உள்ளூர்ச் சந்தைக்கு வந்து அரிசியும் சோளமும் சுமக்கின்றன. கடைசியில் அடுப்புக்கரி வியாபாரியின் கைக்குப் போகின்றன. அவர் கிழிசலை ஒட்டுப்போட்டு, வாயைக் கயிற்றால் பின்னி, தன் பெயரையோ அடையாளத்தையோ மையால் எழுதிவிடுகிறார்.

ஆக ஒரு சாக்கைப் பிரித்துப் பார்த்தால் அரசாங்க முத்திரை, ஏற்றுமதிக் குறியீடு, சந்தைக்காரரின் எழுத்து, தூக்கியவரின் வேர்வை, கரி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இவ்வளவையும் ஒரு ஓவியர் தானாகக் கற்பனை செய்து தீட்டிவிட முடியுமா? முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மஹாமா அந்தத் தடயங்களைக் கழுவாமல் அப்படியே தொங்கவிடுகிறார்.

அந்தச் சாக்கு இந்தியாவுலேர்ந்து போனதுன்னு சொன்னீங்களே, நிஜமாவா?

ஆமாம். இந்தியா, வங்கதேசம் போன்ற நாடுகளின் ஆலைகளில் நெய்த சாக்குகளைத்தான் கானா இறக்குமதி செய்கிறது. சணல் வங்காளத்து ஆற்றுப்படுகைப் பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பச்சைச் சணல் கப்பலேறி ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகளுக்குப் போனது. 1855இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை வந்தது. அப்புறம் ஹூக்ளிக் கரை முழுக்க ஆலைகள் எழுந்தன. 1947 பிரிவினையில் சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்கும், ஆலைகள் இந்தியாவுக்கும் போயின. உலகமே கோணிக்குச் சொல்லும் ஆங்கிலப் பெயர்கூட 'கோணி' என்ற நம் பக்கத்துச் சொல்லிலிருந்து போனதுதான்.

வங்காளத்து விவசாயி சணலை ஊறவைத்து உரிக்கிறார், ஆலைத் தொழிலாளி நெய்கிறார், கானா விவசாயி நிரப்புகிறார், துறைமுகத் தொழிலாளி தூக்குகிறார், ஐரோப்பாவில் சாக்லேட் ஆகிறது. இந்தச் சங்கிலியில் மஹாமாவின் கண் நிற்பது சுமை தூக்கியவர்கள் மேல்தான்.

பழைய சாக்கு இவ்வளவு எப்படிக் கிடைக்குது? தைக்கிறது யாரு?

பெரும்பாலும் பண்டமாற்று. சந்தைக்குப் போய்ப் புதிய சாக்கைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொள்கிறார். வியாபாரிக்குக் கிழியாத பை கிடைக்கிறது, இவருக்கு வரலாறு ஏறிய பை. பழையதற்கு ஏன் புதியதைத் தருகிறார் என்று முதலில் வியந்து, பிறகு அவர்களே தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்களாம்.

தைப்பது தனியாள் வேலை இல்லை. கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர்கள், சந்தைப் பெண்கள், இளைஞர்கள் என்று பெரிய குழு. கைவிடப்பட்ட ரயில் நிலையம், பழைய கிடங்கு, விளையாட்டு மைதானம் மாதிரியான இடங்களில் சாக்குகளைப் பரப்பிவைத்துக் கோணி ஊசியால் தைப்பார்கள். எங்கே உட்கார்ந்து தைக்கிறார்கள் என்பதும் அவருக்குப் படைப்பின் ஒரு பகுதி. 2017இல் ஏதென்ஸின் சின்டாக்மா சதுக்கத்தில், கிரேக்க நாடாளுமன்றத்துக்கு எதிரே மக்கள் நடமாட்டத்தின் நடுவிலேயே தைத்தார்கள்.

கையில பச்சை குத்தின படமெல்லாம் வருதே, அது என்ன?

வடகானாவிலிருந்து தலைநகர் அக்ராவுக்கும் குமாசிக்கும் போய்த் தலைச்சுமை தூக்கும் பெண்களைக் 'கயாயே' என்பார்கள். அவர்களில் பலர் முன்கையில் தங்கள் பெயரையோ உறவினர் பெயரையோ ஊரையோ பச்சை குத்தியிருப்பார்கள். நகரத்தில் விபத்து நடந்து பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால், யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று தெரியவேண்டுமே, அதற்காக.

மஹாமா அந்தக் கைகளைப் படமெடுத்தார். சாக்கின் மேல் எழுத்து, கையின் மேலும் எழுத்து. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது எந்தக் கூட்டத்திலும் சிறிது நேரம் யாரும் பேசுவதில்லை. விளக்கம் சொல்லாமல் நானும் காத்திருப்பேன்.

எங்கே ஆரம்பிச்சு எப்படி இவ்வளவு பேர் வாங்கினார்?

மாணவராக இருந்தபோது காட்சிக்கூடம் தேடிப் போகவில்லை. 2012இல் அக்ராவின் மல்லம் அட்டா சந்தையில் கரிமூட்டைக் குவியல்மேல் தைத்த சாக்குகளைப் போர்த்தினார். 2013இல் குமாசியில் அடும் ரயில் நிலையத்தருகே நடைமேம்பாலத்தில் தொங்கவிட்டார். முதல் பார்வையாளர்கள் சந்தைக்கு வந்தவர்கள்தான்.

பெரிய திருப்பம் 2015 வெனிஸ் பியன்னாலே. நைஜீரியரான ஒக்வுயி என்வேசர் பொறுப்பேற்று நடத்திய அந்தக் காட்சியில், ஆர்செனாலே என்ற பழைய கப்பல்கட்டும் தளத்தை ஒட்டிய நீண்ட சந்து முழுக்க இருபுறமும் சாக்குச் சுவர் எழுப்பினார். பார்வையாளர்கள் அந்தப் பள்ளத்தாக்கு வழியே நடந்துபோனார்கள். 2016இல் அக்ராவின் தேசிய நாடகக் கொட்டகை. 2017இல் ஜெர்மனியின் காசெல் நகரில் டாக்குமென்டா 14 கலைவிழாவுக்காக டோர்வாகே என்ற இரட்டை வாயிற்கட்டடம். 2019இல் மிலான் நகரின் போர்ட்டா வெனேசியா, அதாவது ஒரு காலத்தில் ஊருக்குள் வரும் சரக்குக்குச் சுங்கம் வாங்கிய வாயில். சரக்கு மூட்டையின் துணியைக் கொண்டுபோய்ச் சுங்கச்சாவடிக்குப் போர்த்தியது பொருத்தமான தேர்வு. அதே ஆண்டு வெனிஸ் பியன்னாலேயில் கானா முதல்முறையாகத் தனி அரங்கு அமைத்தபோது, எல் அனட்சுயி, ஜான் அகோம்ஃப்ரா போன்ற மூத்தவர்களோடு இவரும் இருந்தார்.

கட்டடத்தைத் துணியால போர்த்துறது கிறிஸ்டோ எப்பவோ பண்ணிட்டாரே?

கிறிஸ்டோவும் ஷான் க்ளோடும் 1995இல் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தைப் போர்த்தியது பேரழகு. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது அந்த வேலைக்கென்றே புதிதாக நெய்த, வெள்ளி மின்னும் துணி. கட்டடத்தின் வடிவம் மட்டும் புடைத்துத் தெரிய, மற்றதெல்லாம் மறைந்துபோக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

மஹாமாவின் துணிக்குச் சொந்தமாக ஒரு வாழ்க்கை இருக்கிறது (சாக்கு பற்றிய பதிலைப் பாருங்கள்). ஐரோப்பியக் கட்டடத்தின் வழவழப்பான கல்மேல் கரிமூட்டைத் துணி படியும்போது, இந்தக் கட்டடத்துக்கான செல்வம் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள் என்ற கேள்வி தானாக எழுகிறது. அக்ராவிலோ குமாசியிலோ அதே துணியைப் போர்த்தினால் கேள்வி வேறு. சுதந்திரம் பெற்ற கையோடு கட்டிய கனவுகள் ஏன் பாதியில் நின்றன என்று கேட்கும். கையாளும் முறை ஒத்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. துணியைக் கிட்டே போய்ப் பார்த்தவர்கள் இந்த ஒப்பீட்டைத் தொடர்வதில்லை.

ரயில் பெட்டி, எஞ்சின்னு ஏன் சேர்க்கிறார்? சாக்கோட விட்டிருக்கலாமே.

கானாவின் ரயில்பாதை ஆங்கிலேயர் போட்டது. கடற்கரை நகரான செகொண்டியிலிருந்து 1901இல் டார்க்வா தங்கச் சுரங்கத்தையும், 1903இல் குமாசியையும் எட்டியது. தங்கம், மரம், கோகோ எல்லாவற்றையும் துறைமுகத்துக்கு இழுத்து வருவதற்கான தடம். தோண்டி எடுக்க ஒன்றும் இல்லை என்று நினைத்த வடக்குக்குப் பாதை போடவே இல்லை. மஹாமாவின் தமாலேக்கு இன்றுவரை ரயில் கிடையாது. காசெல் படைப்பின் தலைப்பிலேயே 'செகொண்டி லோகோ' என்றும் 1901 என்றும் வருவதற்குக் காரணம் இந்த வரலாறுதான்.

பிற்காலத்தில் ரயில்வே நலிந்து, பெட்டிகள் துருப்பிடித்து நின்றன. அவற்றில் சிலவற்றை மஹாமா வாங்கி, லாரியில் ஏற்றி, ரயிலே போகாத தமாலேக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு அவருடைய எல்லாப் படைப்பிலும் இதுதான் நெஞ்சைத் தொடுவது. நூறு வருஷம் கழித்து ஒரு ஊர்க்காரர், தன் ஊருக்கு வராத ரயிலைச் சாலை வழியாகக் கூட்டி வருகிறார். அந்த ஊர்ப் பிள்ளைகள் அதில் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள்.

2025இல் வியன்னாவின் குன்ஸ்ட்ஹாலே கலைக்கூடத்தில் இன்னொரு விதமாகக் காட்டினார். தலைச்சுமைக்குப் பயன்படும் பழைய சட்டிகளை ஏராளமாக அடுக்கி, அவற்றின்மேல் ரயில் எஞ்சினின் உடலை ஏற்றி வைத்தார். கயாயே பெண்கள் தூக்குவது எவ்வளவு என்று இனி யாருக்கும் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

'பேய்களின் நாடாளுமன்றம்'னு பேர் வெச்சிருக்காரே, பேய்க்கதையா?

'பார்லிமென்ட் ஆஃப் கோஸ்ட்ஸ்' முதலில் 2019இல் மான்செஸ்டரின் விட்வொர்த் கலைக்கூடத்தில் அமைந்தது. கானா ரயிலின் பழைய இருக்கைகளை நாடாளுமன்ற அவைபோல் எதிரெதிரே அடுக்கி, சுற்றிலும் பழைய அலமாரிகள், பள்ளிச் சாமான்கள், ஆவணங்களை வைத்தார். மக்கள் அந்த இருக்கைகளில் உட்கார்ந்து பேசலாம், கூட்டம் நடத்தலாம்.

'பேய்' என்றால் செத்தவர்கள் மட்டும் இல்லை. 1957 மார்ச் 6இல் கானா விடுதலை பெற்றது. நாட்டின் முதல் தலைவரான க்வாமே நிக்ரூமா, தொழிற்சாலை, தானியக் களஞ்சியம், பள்ளி என்று வேகமாகக் கட்டினார். 1966 பிப்ரவரியில் ராணுவம் அவர் ஆட்சியைக் கவிழ்த்ததும் பல வேலைகள் அப்படியே நின்றன. முடியாமல் நின்றவை எல்லாமே அந்த அவையின் உறுப்பினர்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். தமிழில் 'ஆவிகளின் அவை' என்று சொன்னால் இன்னும் நெருக்கமாக இருக்கும்.

லண்டன்ல ஊதாத் துணி போட்டாரே. சாக்கை விட்டுட்டாரா?

விடவில்லை, பக்கத்தில் இன்னொரு வழி திறந்தார். 2024 ஏப்ரலில் லண்டன் பார்பிகன் மையத்தின் ஏரிக்கரை முகப்பை ஏறக்குறைய 2000 சதுர மீட்டர் துணியால் போர்த்தினார். 'பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்' என்று பெயர். சாம்பல் நிற கான்கிரீட் கட்டடத்தின்மேல் இளஞ்சிவப்பும் ஊதாவும். இந்தத் துணி பழையது இல்லை. தமாலேயில் நூற்றுக்கணக்கான நெசவாளர்களும் தையல்காரர்களும் கையால் நெய்து, ஊர் விளையாட்டரங்கின் புல்தரையில் விரித்துத் தைத்தது.

அதன்மேல் சுமார் நூறு 'படகாரி' மேலங்கிகளைத் தைத்தார்கள். வடகானாவில் அரசரும் சாதாரண மக்களும் அணியும் கைத்தறி அங்கி இது. தலைமுறை தலைமுறையாக வீட்டில் பாதுகாப்பார்கள். அவற்றையும் பண்டமாற்றிலேயே பல ஆண்டுகளாகச் சேர்த்தார். பாட்டியின் பட்டுப்புடவையை யாரிடமாவது கொடுக்கச் சொன்னால் நாம் எவ்வளவு யோசிப்போம்! அதைக் கொடுக்க வைக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று பாருங்கள்.

எல் அனட்சுயி பாட்டில் மூடியில பண்றதும் இதுவும் ஒண்ணுதானே அக்கா?

இரண்டும் வணிகத்தில் புழங்கிய பொருளைக் கைகளால் கோத்து உருவாக்கிய பெரும்பரப்பு. அந்த உறவு உண்மை. 1944இல் கானாவில் பிறந்து நைஜீரியாவின் நிசுக்காவில் பல ஆண்டுகள் கற்பித்த அனட்சுயி, மூடிகளைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்துத் தங்கச் சால்வைபோல் ஆக்கிவிடுவார். மூடி தன் பழைய உருவை விட்டுவிடும். மஹாமாவிடம் சாக்கு சாக்காகவே இருக்கும், நாற்றம் உட்பட.

விற்ற காசெல்லாம் எங்கே போகுது?

ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பெரிய விஷயம் இதுதான். 2019இல் தமாலேயில் சவன்னா சமகாலக் கலை மையத்தைத் தொடங்கினார். தன் படைப்பைத் தொங்கவிட்டுத் திறக்கவில்லை. காலே வின்ஸ்டன் கோஃபி டாசன் என்ற மூத்த கானா ஓவியரின் வாழ்நாள் படைப்புகளைக் கொண்டுவந்து முதல் காட்சியாக வைத்தார். மறந்துபோன மூத்தவருக்கு முதல் மரியாதை.

அடுத்து 2020இல், ஊருக்கு வெளியே ஜான்னா க்பெங் என்ற இடத்தில் 'ரெட் க்ளே' வளாகம். செம்மண்ணில் அங்கேயே அறுத்த செங்கல்லில் பெரிய கூடங்கள், ரயில் பெட்டிகள், கூடவே பழைய விமானங்கள். விமானத்துக்குள் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறது. ஆவிகளின் அவைக்கும் செங்கல்லில் நிரந்தரமாக ஒரு கட்டடம் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. மூன்றாவது, 'நிக்ரூமா வோலினி'. நிக்ரூமா காலத்தில் தொடங்கி முடியாமல் நின்ற தானியக் களஞ்சியத்தை வாங்கிச் சீர்செய்தார். வௌவால்கள் குடியிருந்த கான்கிரீட் குழிகளுக்குள் இன்று பார்வையாளர்கள் இறங்கி நடக்கிறார்கள்.

லண்டனிலும் நியூயார்க்கிலும் விற்கும் படைப்புகளின் வருவாய் இப்படித்தான் செங்கல்லாகவும் வகுப்பறையாகவும் மாறுகிறது. ஓவியம் கற்கும் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தப் பகுதியைத்தான்.

ஏழைங்க உழைப்பைக் காட்டி வெளிநாட்டுல பேர் வாங்குறது சுரண்டல் இல்லையா?

நியாயமான கேள்வி. கோகோ போன அதே வழியில் சாக்கும் ஐரோப்பாவுக்குப் போகிறது, அங்கே உள்ளவர்கள்தான் விலை வைக்கிறார்கள். தைத்தவரின் பெயர் காட்சிக்கூடச் சுவரில் பெரும்பாலும் இருப்பதில்லை, கலைஞர் பெயர்தான் இருக்கும். இது எனக்கும் உறுத்தல்தான்.

அதே சமயம் தைப்பவர்களுக்குக் கூலி உண்டு. வேலை நடக்கும் விதத்தை ஒளிக்காமல் படமாகவும் காணொளியாகவும் படைப்புக்குள்ளேயே வைக்கிறார். முந்தைய பதிலில் சொன்ன கட்டடங்கள் அந்த மக்களின் பிள்ளைகளுக்கே திறந்திருக்கின்றன. நான் எடுத்திருக்கும் நிலை: அவர் கணக்கைத் தீர்க்கவில்லை, ஆனால் கணக்குப் புத்தகத்தை எல்லார் முன்னும் திறந்து வைத்திருக்கிறார். ஏற்காதவர்கள் என் கூட்டங்களில் உண்டு, அவர்களோடு பேசித்தான் நானும் தெளிவடைகிறேன்.

ஏதோ கோர்ட் வழக்குன்னாங்களே, அது என்ன?

அவர் பெயர் வெளியே தெரியத் தொடங்கிய காலத்தில், கலை வணிகர்கள் இருவர் அவரிடமிருந்து மொத்தமாகச் சாக்குத் துணி வாங்கினார்கள். அதைச் சிறு துண்டுகளாக வெட்டிப் படச்சட்டத்தில் மாட்டினார்கள். 294 துண்டுகள், அவர் கையெழுத்தோடு. பிறகு மஹாமா அவை தன் படைப்புகள் இல்லை என்று அறிவித்தார். 2015இல் வணிகர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2016இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

யார் பக்கம் சரி என்று தீர்ப்பு சொல்ல நான் வழக்கறிஞர் இல்லை. கலை சார்ந்து அதில் ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது. சந்தையையே மூடும் அளவுக்குப் பரந்த துணியிலிருந்து ஒரு முழம் வெட்டி வரவேற்பறையில் மாட்டினால் அது அதே படைப்பா? ஓவிய ஆசிரியர்கள் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு விட்டேன். ஒரு மணி நேரம் போயும் முடியவில்லை.

வெயில், மழையில கிடந்தா சாக்கு மக்கிப் போயிடுமே?

மக்கத்தான் செய்யும். டாக்குமென்டா நூறு நாள் நடக்கும் விழா, அத்தனை நாளும் வெட்டவெளியில்தான் இருந்தது. ஒரு காட்சியில் இறக்கிய துணியை ஒட்டுப்போட்டு அடுத்ததில் சேர்த்துவிடுகிறார். கரி வியாபாரி செய்தது என்னவோ, கலைஞர் செய்வதும் அதுவே. அருங்காட்சியகம் வாங்கி உள்ளே வைத்தால் மட்டும் பூச்சி வராமல் பாதுகாக்க வேண்டியிருக்கும்.

கொச்சியில பார்த்தேன். நம்ம பக்கத்து நாற்காலியா இருந்துச்சே, அது எப்படி?

2025 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறி பியன்னாலேயில், மட்டாஞ்சேரிப் பகுதிக் கிடங்கு ஒன்றில் ஆவிகளின் அவையை அமைத்தார். சணல் சாக்குச் சுவர்களும் பழைய நாற்காலிகளும் கொண்ட கூடம். மிளகும் இஞ்சியும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்கிய வட்டாரம் அது. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊரின் பொருளோடு அவையைக் கூட்டுவது அவர் வழக்கம். சாக்கின் பயணத்தைப் பற்றி மேலே எழுதியதை நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்ட துணி, ஒரு சுற்று முடித்து இந்தியக் கிடங்குக்கே வந்து சேர்ந்துவிட்டது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவரை எப்படி அறிமுகப்படுத்துறது டீச்சர்?

படத்தைக் கடைசியில் காட்டுங்கள். நான் முதலில் ஒரு பழைய கோணியோடு வகுப்புக்குள் போவேன். நடுவில் விரித்து, உட்புறத்தை வெளியே திருப்பி, கண்ணில் படுகிறதையெல்லாம் சொல்லச் சொல்வேன். முத்திரை, எண், கறை, தையல், ஒட்டிக்கொண்ட தானியம். கரும்பலகையில் பட்டியல் நீளும். இதை யாரெல்லாம் தொட்டிருப்பார்கள் என்று அடுத்துக் கேட்பேன். போன முறை ஒரு பையன் எழுந்து, தன் அப்பா லாரி செட்டில் மூட்டை ஏற்றுபவர் என்றும், கொக்கி குத்திய ஓட்டை எது, எலி கடித்த ஓட்டை எது என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னான். முன்னால் வந்து காட்டு என்றேன். ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டினான். அப்புறம்தான் வெனிஸ் படத்தைப் போட்டேன்.